சுடுதளமும் பள்ளிக்கூடமும்: கோடு கிழிப்பது யார்?



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், தோட்டத்து நிலத்தை யாரோ வாங்கி, காசு வாங்கிக்கொண்டு துப்பாக்கி சுடப் பழக்கும் இடம் கட்டப் போவதாகப் பேச்சு. அப்படி வந்தால் நம்மை யாராவது கேட்பார்களா?"

விசாரித்ததில் அது வெறும் பேச்சுதான் என்று தெரிந்தது. ஆனால், அவர் கேட்ட கேள்வி வெறும் பேச்சல்ல. ராசா வட்டாரத்தில் இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. எஞ்சிய வெட்டவெளிகளில் நாளை எது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறிசுடுதல் என்னும் விளையாட்டுக்கு நான் எதிரியல்லள். 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிக்காக லங்காவியில் அனைத்துலகச் சுடுதளம் அமைத்த நாடு இது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில், எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி களத்தில் நின்ற நூர் சூரியானி தைபியைப் பற்றி வகுப்பில் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். எனவே சுடுதளம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல வழக்கு. அது எங்கே வரலாம், எவ்வளவு தொலைவில் வரலாம், அந்தத் தொலைவை யார் முடிவு செய்வது என்பதே வழக்கு.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு கொடுமையை நினைவூட்டுகிறேன். 2021 திசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகிலுள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் உணவு உண்டுகொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்தும் பயனில்லை. 2022 சனவரி 3ஆம் நாள் அவன் மாண்டான். ஊர் திரண்டது. தளத்தை மூடு என்ற குரல் எழுந்தது.

அது அரசுத் தளம். வணிகத் தளம் அன்று. ஆனால், குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விளையாட்டுக்குப் பயன்படும் சிறிய .22 வகைக் குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வல்லது. பின்னால் உயர்ந்த மண்மேடும், பக்கங்களில் தடுப்பும், தலைக்கு மேலே குண்டை மறிக்கும் அமைப்பும் இல்லாத திறந்தவெளித் தளம், தன் வேலிக்குள் மட்டும் இயங்குகிறது என்று எவரும் சொல்ல முடியாது.

அடுத்தது ஓசை. துப்பாக்கி முனையருகே எழும் ஒலி 140 டெசிபெல்லைத் தாண்டும். வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி. "நாள் முழுதும் கணக்கிட்டால் சராசரி ஓசை குறைவுதான்" என்று எவரேனும் சொன்னால் ஏமாறாதீர்கள். சுடும் ஓசை தொடர்ந்து இரைவதில்லை. வெடித்து வெடித்து அடங்குவது. சராசரியில் அது மறைந்துவிடும். பிள்ளையின் செவியில் மறையாது. இரண்டாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திய ஆசிரியர்களுக்கு இது புரியும். 'வால், வாள், வாழ்' என்று மூன்றையும் வேறுபடுத்திக் கேட்க அமைதி வேண்டும்.

மூன்றாவது ஈயம். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 24 கிராம் ஈயச் சில்லுகள் இருக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா என்றே வைத்துக்கொண்டாலும் 600 கிராம். நாளொன்றுக்கு இருபது பேர் ஒரு சுற்று சுட்டால் 12 கிலோ. அதைத் திரட்டி எடுக்காவிட்டால் மண்ணில்தான் கிடக்கும். நம் மண் புளிப்புத்தன்மை மிக்கது, மழையோ ஓயாதது. இரண்டும் ஈயத்தைக் கரைத்து இடம்பெயரச் செய்வன. சிரம்பான் வட்டார ஓடைகள் பல லிங்கி ஆற்றில் கலக்கின்றன. குழந்தைகளின் குருதியில் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான ஈய அளவு எதுவுமே இல்லை என்பது மருத்துவ உலகின் முடிவு.

சரி, நம்மைக் கேட்பார்களா?

இங்குதான் நாம் கூர்ந்து படிக்க வேண்டியது இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21ஆம் பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு மடல் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 'உரிமையாளர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர் நில உரிமையாளர் அல்லர். தோட்ட நிறுவன நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளியும் நில உரிமையாளர் அன்று. மடல் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகும். நம் வாசலுக்கு வராது.

முன்பு நான் பணியாற்றிய ஒரு தோட்டப்பள்ளிக்கு அருகில் இரும்புப் பட்டறை வந்தபோது இதைப் பட்டறிந்தேன். அரைக்கும் ஓசை கேட்ட பிறகுதான் மனு எழுதினோம். "ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டது" என்ற பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் உறங்கிவிட்டோம்.

உள்ளூர்த் திட்டம் நடப்பிலுள்ள பகுதியிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே சட்டப்படி அண்டை அயலாருக்கு அந்த மடல்கூடக் கட்டாயமில்லை. எந்த நிலத்தில் எது வரலாம் என்பதைத் திட்டமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆனால், அந்தத் திட்டம் வரைவாக இருக்கும்போது நாளிதழ்களில் அறிவிப்பு வரும், வரைவைப் பொதுமக்கள் பார்வையிடலாம், ஆட்சேபம் எழுதலாம். அதற்கு நிலப்பட்டா தேவையில்லை. லயத்து மனிதரும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வாய் திறக்கக்கூடிய வாசல் அதுதான். அந்த வாசல் சில வாரங்களே திறந்திருக்கும்.

அப்படி எழுதும்போது வெறும் அச்சத்தை எழுதினால் போதாது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் சுடுகூடங்களைத் தொழிற்பேட்டைப் பகுதிகளில் மட்டுமே அனுமதித்தது. பள்ளி, குடியிருப்பு, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து 500 அடி தள்ளியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதிகளைத் தள்ளுபடி செய்தது. ஆயுதம் தாங்குவது அங்கே அரசியல் சட்ட உரிமை; நம் நாட்டில் அப்படியில்லை. ஆயினும் அத்தீர்ப்பில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்தத் தொலைவு ஏன் வேண்டும் என்பதற்கு நகரம் சான்று காட்டவில்லை என்றே நீதிபதிகள் கண்டனர். ஆகவே 'பயமாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். பள்ளிக்கும் அந்த நிலத்துக்கும் எத்தனை மீட்டர், சுடும் திசை எது, ஓடை எங்கே போகிறது, பள்ளி நேரம் எது என்று எழுதுங்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இன்னொரு சட்டமும் உண்டு. சுடுதளம் முதலில் வந்து, வீடுகள் பிறகு வந்தால், ஓசையைக் காட்டி வழக்குத் தொடர முடியாது. முதலில் வந்தவருக்கே முன்னுரிமை என்பது அதன் அடிப்படை. நல்லது. அந்த நியாயத்தையே நாமும் கேட்போம். நம் தோட்டப்பள்ளிகளுள் பல, நாடு விடுதலை அடைவதற்கு முன்பே தோன்றியவை. முதலில் வந்தவர்கள் நம் பிள்ளைகளே.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று.

1. ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மன்ற அறிவிப்புகளைப் படித்துச் சொல்ல ஒருவரை நியமிக்கட்டும். மலாய் நன்கு படிக்கும் இளைய பெற்றோர் இதற்கு ஏற்றவர்.

2. சிரம்பான் மாநகர் மன்றத்தில் உள்ளூர்த் திட்ட வரைபடத்தைக் கேட்டு, நம் பள்ளியைச் சுற்றிய நிலங்கள் எந்த வகையில் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள்.

3. திட்டம் மறுஆய்வுக்கு வரும்போது, திறந்தவெளிச் சுடுதளம் போன்றவற்றுக்குப் பள்ளியிலிருந்து இருக்க வேண்டிய தொலைவை எண்ணாகவே எழுதக் கோருங்கள். 'தகுந்த தொலைவு' என்ற சொல் ஆளுக்கொரு பொருள் தரும். எண் அப்படித் தராது.

நார்த்தாமலையில் ஒரு பிள்ளையின் உயிரே போய்விட்டது. அந்தத் தந்தையாருக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதில் இதுதான்: "ஐயா, நம்மைத் தேடி வந்து கேட்க மாட்டார்கள். நாம்தான் நேரத்தோடு போய்ச் சொல்ல வேண்டும்."

உங்கள் பள்ளியைச் சுற்றிய நிலம் என்ன வகை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் மறுமொழியில் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.