பெருநாளும் எட்டயபுரம் சந்தையும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கடம்பூர், கயத்தாறு பக்கத்து ஆடுகள் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு வண்டியேறும். கன்னி ஆடும் கொடி ஆடும் இந்தக் கரிசல் சீமையின் சொத்து. வளர்ப்பவர் பெரும்பாலும் இந்துக்கள், வாங்குபவர் முஸ்லிம்கள். இதை நல்லிணக்கம் என்று மேடைபோட்டுச் சொல்ல இங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

நபி இப்ராஹீம் தம் மகனையே அர்ப்பணிக்கத் துணிந்த நினைவாக, துல்ஹஜ் பிறை 10 அன்று பெருநாள் தொழுகை முடிந்த பின்பே குர்பானி எனும் பலி. ஆட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோஞ்சான் கூடாது. இறைச்சியைத் தமக்கு, உறவுக்கு, ஏழைக்கு என மூன்றாகப் பங்கிடுவது வழக்கம். அறுத்தவருக்கு இறைச்சியையோ தோலையோ கூலியாகத் தரக் கூடாது, கூலி தனி. இறைவனைச் சேர்வது இறைச்சியோ இரத்தமோ அல்ல, இறையச்சமே என்பது குர்ஆனின் நிலை. விலையுயர்ந்த கிடாயோடு படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிறைக் கணக்கால் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2023இல் ஜூன் 29, 2025இல் ஜூன் 7. இனிச் சில ஆண்டுகள் அது மேய்ச்சல் காய்ந்த கோடையில்தான் வரும். தீவனத்துக்குக் காசு கொட்டி வளர்த்தவரிடம் கண்மதிப்பில் விலை பேசுவது நியாயமில்லை. சந்தையில் எடைமேடை வேண்டும். பல் பார்த்து வயது சொல்லவும் நோய் கண்டறியவும், பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் கால்நடை மருத்துவர் ஒருவரையும் அங்கே அமர்த்தலாம்.