ஒளிந்தவருக்கு ஒரு நீதியா?

ஓடி ஒளிவான் எனக் கருதப்படுபவனுக்குப் பிணை மறுக்க 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் இடமளிக்கின்றது. வெலிகமத் துப்பாக்கிச் சூடு தொடர்பில் 2025 பெப்ரவரியில் பிடியாணை பிறந்ததும், பதவி இடைநிறுத்தப்பட்டிருந்த பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் ஏறத்தாழ மூன்று வாரம் தலைமறைவானார். ஊருக்கெல்லாம் வலைவீசிய துறையின் தலைவரல்லவா! மார்ச் 19 இல் மாத்தறை நீதிமன்றில் சரணடைந்தார்; ஏப்ரல் 10 இல் பிணை பெற்றார்.

கிளிநொச்சியிலோ, 2018 மார்ச்சில், மனைவியின் இறுதிக் கிரியைக்குச் சில மணி நேரமே பெற்று வந்தார் ஓர் ஆயுட்கைதி. அவர் ஓடவில்லை. சிறை வண்டிக்கே திரும்பினார். அவர்பின் வண்டியில் ஏறினாள் அவர்தம் சின்னஞ்சிறு மகள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், தீர்ப்பின்றியே ஆண்டுக்கணக்கில் மறியலில் கிடந்த தமிழ் இளைஞர் எத்தனை பேர்! ஒளிந்தவருக்கு இருபத்திரண்டு நாளில் கிட்டிய பிணை, ஒளியாத அவர்களுக்கு எட்டாமற் போனதேன்? நீதி அமைச்சை நாம் கேட்கின்றோம்.