அணைந்ததாக நடிக்கும் பெட்டி

ரிமோட்டில் பொத்தானை அழுத்தியதும் செட்டாப் பாக்ஸின் பச்சை விளக்கு சிவப்பாகிறது. அணைந்துவிட்டது என்று நாம் படுக்கப் போகிறோம். சென்ற மாதம் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். படம் ஓடும்போது 11 வாட். சிவப்பு விளக்கில் 9 வாட்! அணைந்தது படம் மட்டும்தான். உள்ளே ட்யூனர், பிராசசர், மெமரி எல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கின்றன.

நாளுக்கு 18 மணி நேரம் இப்படிக் கிடந்தால் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 10 யூனிட். பத்துதானே என்பவர்கள் 495 யூனிட்டில் நிற்கும் வீட்டைக் கேளுங்கள். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

எம்பெடட் மென்பொருள் எழுதிப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன், இது சிப்பின் குற்றம் அல்ல. சும்மா இருக்கும் பகுதியை மட்டும் தூங்க வைக்கும் ஏற்பாடு லினக்ஸில் 2009-இல் வந்த 2.6.32 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண்ணிக்கை. பயன்படுத்த வருபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகும்போது கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால் தூக்கம். நம்மவர்கள் கூட்டுவார்கள், கழிக்க மறப்பார்கள். இன்னும் மோசம், டிரைவரில் தூங்க வைக்கும் இடத்தில் ஒன்றுமே செய்யாமல் "ஆயிற்று" என்று பதில் சொல்லும் இரண்டு வரி. கர்னல் அதை நம்புகிறது, நாம் சிவப்பு விளக்கை நம்புகிறோம்.

தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் சிப்பின் ரெஜிஸ்டர்களில் இருந்ததெல்லாம் போய்விடும். முன்பே எடுத்து வைத்து, எழுந்ததும் வரிசை மாறாமல் திரும்ப எழுத வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் என் நண்பர் ஒருவர் மாலையில் தறிக்குழியை விட்டு எழும்போது பாவைத் தளர்த்துவார், நெய்த பகுதியைத் துணியால் மூடுவார். ஜக்கார்டு அட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். காலையில் அடுத்த ஊடையிலிருந்து தொடங்குவார். ஓர் அட்டை தவறினாலும் கரையில் உள்ள அன்னத்தின் கழுத்து ஒடிந்துவிடும். அவர் தினமும் செய்வதைத்தான் டிரைவர் எழுதுபவர்களிடம் கேட்கிறேன்.

ரிமோட் அழுத்தினால் எழ வேண்டாமா, ராத்திரி அப்டேட் வர வேண்டாமா என்பார்கள். ரிமோட்டுக்குக் காது கொடுக்கத் தனியாக ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போதும், அதற்குச் சில மில்லிவாட் தான். அப்டேட்டுக்கு அலாரம் வைத்து மூன்று மணிக்குப் பத்து நிமிடம் எழுப்பலாம். உண்மைக் காரணம் வேறு. எழும்போது பெட்டி தடுமாறினால் புகார் தயாரித்தவனுக்குப் போகும். தூங்காமலே கிடந்தால் பில் நமக்கு வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பல வீட்டுக் கருவிகளுக்கு 2013 முதல் அரை வாட் வரம்பு உண்டு. என் பெட்டியின் அடியில் 12 வோல்ட் என்று இருக்கிறது, ஸ்டாண்ட்பையில் எத்தனை வாட் என்று இல்லை. அதை அச்சடிக்கவாவது கட்டாயப்படுத்தட்டும்.

இப்போதெல்லாம் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறேன். காலையில் சேனல் வர இரண்டு நிமிடம் ஆகிறது. பக்திப் பாட்டு தவறிவிட்டது என்று வீட்டில் திட்டு எனக்குத்தான்.