துருவைத் தடுக்கும் ரசாயனம்: 90% என்றால் போதுமா?

கப்பல், துறைமுகத் தூண், கடலுக்கடியில் ஓடும் எண்ணெய்க் குழாய்... பெரும்பாலும் எல்லாமே கார்பன் ஸ்டீல்தான். விலை குறைவு, வெல்டிங் சுலபம், வலிமையும் உண்டு. ஒரே சிக்கல், உப்புத் தண்ணீரைத் தாங்காது. அதற்கான மருந்துதான் 'இன்ஹிபிட்டர்' எனப்படும் அரிப்புத் தடுப்பான். காரைக்குடியின் 'சிக்ரி' உட்பட உலகின் பல ஆய்வகங்கள் இதை ஆராய்கின்றன.

துரு எப்படிப் பிடிக்கிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. பக்கத்திலேயே இன்னோர் இடத்தில், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்வரை துரு நிற்காது.

இன்ஹிபிட்டர் என்ன செய்கிறது?

இந்தப் பரிமாற்றத்தை மறிக்கிறது. நைட்ரைட், இரும்பு கரையும் இடத்தில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கும். துத்தநாக உப்பு, ஆக்சிஜன் வேலை செய்யும் இடத்தில் படியும். இமிடசோலின் போன்ற கரிமச் சேர்மங்களின் தலை ஸ்டீலில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையான வால் தண்ணீரை விலக்கும்.

ஆனால், திறந்த கடலில் நிற்கும் தூணுக்கு இது உதவாது. அலையில் கரைந்து போய்விடும். அங்கே பெயின்டும் மின்வழிப் பாதுகாப்பும்தான் கைகொடுக்கும். குழாய், தொட்டி போல நீர் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் இன்ஹிபிட்டருக்கு வேலை.

90% என்ற கணக்கு எப்படி வருகிறது?

ஒரே மாதிரியான இரண்டு ஸ்டீல் துண்டுகள். ஒன்று வெறும் நீரில், மற்றொன்று மருந்து கலந்த நீரில். முதலாவது 100 மில்லிகிராம் இழக்க, இரண்டாவது 10 மட்டும் இழந்தால் செயல்திறன் 90%. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சராசரி. குழாயை ஓட்டையாக்க ஒரே ஒரு ஆழமான குழி போதும். நைட்ரைட் போன்றவற்றின் அளவு குறைந்துபோனால், மறைக்கப்படாத சின்ன இடத்தில் மொத்த அரிப்பும் குவிந்துவிடும். அரைகுறை மருந்து, மருந்தே போடாததைவிட மோசம்.

இலைச்சாறுகளை வைத்து வரும் பல ஆய்வுகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நடத்தப்பட்டவை. கடல்நீரோ லேசான காரத்தன்மை கொண்டது. அதில் ஆக்சிஜன், கால்சியம், மெக்னீசியம், நுண்ணுயிர்கள் எல்லாம் உண்டு. அங்கே கிடைத்த சதவீதம் இங்கே செல்லாது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

புதிய கடலடிக் குழாயின் உறுதியைச் சோதிக்க, கடல்நீரையே நிரப்பி அழுத்தம் கொடுப்பது வழக்கம். அதில் இன்ஹிபிட்டரோடு கிருமிக்கொல்லியும் சேர்ப்பார்கள். சோதனை முடிந்ததும் அந்த நீர் பல இடங்களில் கடலுக்கே திரும்புகிறது. மீன் வளரும் கடல் அது.

குரோமேட்டும் ஒரு காலத்தில் நல்ல தடுப்பான் என்றுதான் கொண்டாடப்பட்டது. பிறகுதான் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்தது. குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தும் என்பதை ராணிப்பேட்டை இன்றும் அனுபவிக்கிறது.

வடகடல் நாடுகள் அடங்கிய ஓஸ்பார் உடன்படிக்கையில், எண்ணெய்த் தளங்களில் பயன்படும் ரசாயனம் மட்கிப்போகுமா, உயிரினங்களின் உடலில் சேருமா, பாசிக்கும் மீனுக்கும் நஞ்சா என்ற விவரங்களைக் கொடுத்தாக வேண்டும்.

மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளும் இதே அளவுகோலை ஏற்க வேண்டும். சதவீதத்தோடு சேர்த்து, இயற்கையான கடல்நீரில் பல மாதச் சோதனை, குழியின் ஆழம், நச்சுத்தன்மை மூன்றையும் வெளியிட வேண்டும். ஸ்டீலைக் காப்பாற்றிவிட்டுக் கடலைக் கெடுத்தால், அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.