உள்ளான் குருவியும் ஒரு மார்க்கக் கேள்வியும்



சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஹஜ்ரத், உம்மா கேட்டு வரச் சொன்னாங்க. வாசல்ல உள்ளான் குருவி விற்க வந்திருக்கு. வாங்கலாமா? அது ஹலாலா?" என்றான். கிதாபில் ஓதியதை நினைத்து, "ஹலால்தான்" என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பினேன். வந்த வேகத்திலேயே அவன் திரும்பி ஓடினான்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். இத்தகைய கேள்விகளுக்கு எத்தனையோ முறை விடை சொல்லியிருப்பேன். ஆயினும் அந்த ஒரு விடை இன்றளவும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதை இவ்வாரம் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிரியர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் கோடியக்கரைக்கு அழைத்துச் செல்வார். தொலைதூர நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகளைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். மதரஸா உஸ்தாதுமார்களும் வர வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் வருந்தி அழைத்தார். நான் இணங்கவில்லை. பறவையைப் பார்க்க வேனில் போவது வீண் பொழுதுபோக்கு என்றே எண்ணினேன். அவரிடம் அவ்வாறு சொல்லவும் செய்தேன். மூன்றாம் ஆண்டு என் வீட்டார் இடைமறித்தார்கள். "எத்தனை ஊர் நிக்காஹுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு வந்திருக்கோம். அல்லாஹ் படைச்ச ஒரு காட்டைப் பார்க்க இதுவரைக்கும் போனதில்லையே" என்றார்கள். அதற்கு என்னிடம் விடையில்லை.

சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பெண்களும் பிள்ளைகளுமாக இருபத்து மூவர். வேதாரண்யத்தைக் கடந்தால் ஒரு புறம் உப்பளங்கள், மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு நிலம். 1967ஆம் ஆண்டிலேயே கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. 2002ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இவ்வளவு அருகில் இருந்தும் எங்கள் வேனில் இருந்த பெரியவர்களுள் பாதிப் பேர் அதற்குமுன் அங்கு சென்றதில்லை.

முதலில் கண்ணில் பட்டவை பூநாரைகள். ஆழமற்ற நீரில் நூற்றுக்கணக்கில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து இரையை வடிகட்டிக் கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு ஒரே ஆரவாரம். எங்களோடு வந்த சிறுவன் ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. சிறகின் உட்புறச் சிவப்பு வானில் விரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் மகிழ்ந்தேன். பலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். ஆசிரியர் மட்டும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பிள்ளைகளை அருகழைத்து விளக்கினார். இப்பறவைகள் இங்கு வந்திருப்பது உண்பதற்கும் உடலில் கொழுப்பைச் சேர்ப்பதற்கும் ஆகும். அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்கு எரிபொருள். நாம் ஒரு முறை விரட்டினால் அதில் ஒரு பங்கு வீணாகிறது. நாள்தோறும் வருவோரெல்லாம் விரட்டினால் அது எங்ஙனம் ஊர் போய்ச் சேரும்? கல்லெறிந்த பையன் தலைகுனிந்தான், அவனோடு நாங்களும்தான்.

அதன் பின்னர்தான் அவர் தொலைநோக்கியை என் கையில் கொடுத்து, சேற்றுப் பரப்பைச் சுட்டிக்காட்டினார். சுண்டெலிகளைப் போல் குடுகுடுவென ஓடி, சேற்றைக் கொத்தி, மீண்டும் ஓடிக்கொண்டிருந்தன சில சின்னஞ்சிறு பறவைகள். "இதுதான் கொசு உள்ளான்" என்றார் ஆசிரியர். இதன் எடை இருபது முதல் முப்பது கிராம் வரைதான். இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ருஷ்ய நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிய மரமில்லாத பெருவெளியில். அங்கே பனி மூடுமுன் புறப்பட்டு, மலைகளையும் பாலைகளையும் கடந்து நம் கடற்கரைக்கு வந்து சேருகிறது.

அதே சேற்றில் வளைந்த அலகுடைய இன்னோர் உள்ளான் இனமும் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் கூறியது என்னை உலுக்கிவிட்டது. அதன் ஆண் பறவை முட்டைகளை அடைகாப்பதில்லை. கோடையின் பாதியிலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகிறது. தாய்ப் பறவை அதன் பின் கிளம்புகிறது. பிறந்து சில வாரங்களே ஆன இளம் பறவைகள் கடைசியாக, ஒருபோதும் கண்டிராத நாடுகளை நோக்கி, வழிகாட்டப் பெற்றோர் இன்றிப் பறக்கின்றன. சூரியனையும் விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் கொண்டு பறவைகள் திசை அறிகின்றன என ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். அந்த விளக்கத்தைக் கேட்டபின் என் வியப்பு கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

திருமறையின் அல்முல்க் அத்தியாயம் நமக்குத் தெரியாததன்று. உறங்குமுன் அதை ஓதும் இல்லங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. தலைக்குமேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மனிதர்கள் பார்க்கவில்லையா என்று இறைவன் அதில் வினவுகின்றான். அந்நூர் அத்தியாயமோ அவை ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் துதியையும் அறிந்திருப்பதாக உரைக்கிறது. இவற்றை நான் பல்லாயிரம் முறை ஓதியிருக்கிறேன், தப்ஸீரும் நடத்தியிருக்கிறேன். பார்க்கவில்லையா என்ற வினாவுக்கு, "இல்லை நாயனே, பார்க்கவில்லை" என்பதே என் ஐம்பத்தைந்து வயது வரை என்னிடம் இருந்த விடை.

அன்று சேற்றில் ஓடிய அந்தப் பறவைதான் கார்த்திகை மாதம் எங்கள் தெருவில் இறகு பிடுங்கப்பட்டு, கொத்தாகக் கட்டப்பட்டு விலைக்கு வந்தது. ஆறேழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஒரு கவளத்துக்கும் போதாத இறைச்சியாக நம் சட்டிக்குள் விழுந்தது.

இதே கேள்வி நூறாண்டுகளுக்கும் முன்பு பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்திலும் எழுந்தது. 1896இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருக்கையில் குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இதை உண்ணலாமா, ஆகாதா என்ற ஐயத்துடன் மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டு சென்றார். அவர் வேட்டையில் வல்லவர். எனினும் இன்ன குருவி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அச்சிறுவனை அனுப்பினார். அங்கே திறந்த கதவுதான் சாலிம் அலியை இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞராக ஆக்கிற்று. 1987இல் அவர் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த அந்தக் கழகம் கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி, அவை போய்வரும் வழியை ஆராய்ந்து வந்துள்ளது. ஹலாலா என்று கேட்டு வந்த பிள்ளையை அந்த மாமா எங்கே அனுப்பினார், நான் எங்கே அனுப்பினேன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரும் கெய்ரோவில் வாழ்ந்து 1405இல் மறைந்தவருமான இமாம் தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலை உயிரினங்களைப் பற்றியே எழுதினார். ஒவ்வொரு விலங்கின் பெயரையும் அகர வரிசையில் வைத்து, அதன் இயல்பை விவரித்து, அதன் பின்னரே அதை உண்பது பற்றிய சட்டத்தைக் கூறுவார். நாமோ இயல்பை விட்டுவிட்டு சட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தையேனும் முழுமையாகச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. உள்ளான் என்னும் இனம் உண்ண ஆகுமானது, அதில் ஐயமில்லை. ஆனால் வாசலில் வந்த அந்தக் கொத்தை அறுத்தவர் யார்? பிஸ்மி சொல்லி அறுத்தாரா? வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்ததா? கழுத்தைத் திருகிக் கொன்றதா? இவற்றில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. அறுக்கப்படாமல் செத்தது எவ்வளவு உயர்ந்த இனமாயினும் ஹராம் அன்றோ! தவிரவும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பொதுநலன் கருதி நாடு இட்ட தடையை மீறுவதற்கு, இனம் ஹலால் என்ற சொல் அனுமதிச் சீட்டாகாது. இஹ்ராம் கட்டியவருக்கு வேட்டை கூடாது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் எவருக்கும் கூடாது. வேட்டைக்கு இடமும் காலமும் உண்டு என்பது மார்க்கத்திற்குப் புதிதன்று. பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி விடுமாறு கட்டளையிட்டதை அபூதாவூத் நூலில் ஓதாத ஆலிம் உண்டா?

ஓர் ஆலிம் சொல்லி ஊர் கேட்குமா என்று சிலர் நினைக்கலாம். நாகாலாந்து மாநிலத்தைப் பாருங்கள். சைபீரியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் அமூர் வல்லூறுகள் அங்குள்ள டோயாங் நீர்த்தேக்கத்தில் தங்கிச் செல்லும். 2012இல் அவற்றைப் பல்லாயிரக்கணக்கில் வலைவீசிக் கொன்று விற்றனர். செய்தி வெளிவந்ததும் நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு அங்கு ஒரு பறவைகூடக் கொல்லப்படவில்லை என்று செய்திகள் கூறின. அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் ஊர்ச் சபைகளும் கைகோத்தன. தேவாலயங்களிலும் அதுபற்றிப் பேசப்பட்டது. அங்கே பிழைப்பே அதுவாக இருந்தோர் விட்டுக்கொடுத்தனர். நம் வீடுகளில் அது நாக்கு ருசி, அவ்வளவே. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்து மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்களிடமும் நாம் பாடம் கேட்கலாம்.

ஆகவே மதரஸா உஸ்தாதுமார்களும் பள்ளி ஆசிரியர்களும் குடும்பத்தோடு இப்பயணங்களை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தார்க்குச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் இருக்கின்றன. மற்றவர்க்கு ஊர்க் கண்மாயே போதும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் பிள்ளைகளும் அதில் சேரலாம். பெண்களை அழைத்துச் செல்வதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் செல்லும்போது எழாத கேள்வி இதற்கு மட்டும் எழுவானேன்? பாட்டுப் பெட்டி வேண்டாம், பளிச்சென்ற ஆடை வேண்டாம், பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் நான் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்று, அன்று சொன்ன விடை அரைகுறையானது என்று கூறினேன். கதவுக்கு அப்பால் நின்ற அவன் தாயார், "அன்னைக்கே வாங்கி ஆக்கிட்டோமே ஹஜ்ரத், பாவமாகுமா?" என்று கலங்கிய குரலில் கேட்டார். "நீங்கள் கேட்டுத்தான் வாங்கினீர்கள். பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்றேன். வருகிற தை மாதப் பயணத்தில் அவ்வம்மையாருக்கும் பிள்ளைக்கும் இரண்டு இடம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன்.