தாயைக் காட்டுங்கள்

சென்ற ஐப்பசியில், மழை விட்டுக் கரிசல் நிலமெல்லாம் காலில் அப்பிக்கொள்ளும் சேறாகக் கிடந்த ஒரு மாலைப் பொழுதில், என் தமக்கையின் மகன் ஓர் அட்டைப் பெட்டிக்குள் பழந்துணி விரித்து, அதன்மேல் பிறந்து நாற்பது நாளே ஆன நாய்க்குட்டி ஒன்றைக் கிடத்தி, மோட்டார் சைக்கிளில் வைத்துக் கயத்தாற்றிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். குட்டி ஆணா பெண்ணா, பால் குடிக்கிறதா, பயணத்தில் வாந்தி எடுத்ததா என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் முதலில் கேட்டது, "சாதி நாயா?" என்ற ஒன்றைத்தான். "சிப்பிப்பாறை மாமா, ஒரிஜினல்" என்று அவன் என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த பெருமிதத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரு அந்தத் தாட்சணியம் பார்க்கவில்லை.

ஒருவர் குட்டியின் கால்களைத் தூக்கி நகங்களை எண்ணினார். இருபது நகம் இருந்தால் உயர்ந்த நாய், பதினெட்டு இருந்தால் சாதாரணம் என்பது அவருடைய சித்தாந்தம். இன்னொருவர் பிடரித்தோலைப் பற்றித் தூக்கிப் பார்த்து, கத்தவில்லை என்பதால் நல்ல வம்சம் என்று சான்றளித்தார். மூன்றாமவர் வாலை இழுத்துப் பின்னங்கால் மூட்டுவரை வருகிறதா என்று அளந்தார். நான்காவதாக வந்தவர், ஆடு வளர்ப்பவர், எதையும் தொடாமல் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தாயைப் பாத்தியாய்யா?" என்று பையனைக் கேட்டார். அவன் பார்க்கவில்லை. விற்றவர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்துக் குட்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆட்டுக்காரர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அன்று அங்கே நடந்த விசாரணையில் விஷய ஞானத்தோடு கேட்கப்பட்ட ஒரே கேள்வி அவருடையதுதான் என்பது என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டவே இதை எழுதுகிறேன்.

நகக் கணக்கை முதலில் தள்ளிவிடலாம். நாய்க்கு முன்னங்கால்களில் ஐந்தைந்தும் பின்னங்கால்களில் நான்கு நான்குமாகப் பதினெட்டு நகங்கள் இருப்பது சாதாரணம். சில குட்டிகளுக்குப் பின்னங்காலிலும் உபரி விரல் முளைத்து இருபதாகிறது. அது பெற்றோர் வழியே எளிதில் இறங்கும் ஒரு தனிப்பட்ட லட்சணமே தவிர, குலத்தின் முத்திரையன்று. தெருவில் திரியும் நாய்களிலும் அதைத் தாராளமாகக் காணலாம். உடல்வாகைப் பார்க்கலாமே என்றால், ஒடுங்கிய நீள்முகமும், ஆழ்ந்த மார்பும், முதுகோடு ஒட்டியதுபோல் உள்வாங்கிய வயிறும், சாட்டைபோல் நீண்ட வாலும் சிப்பிப்பாறையின் லட்சணங்கள் என்பது உண்மையானாலும், இவை யாவும் குட்டி ஓடியாடி வளர்ந்து, மூன்று நான்கு மாதங்கள் கடந்து, பால்கொழுப்புக் கரைந்த பின்னரே வெளிப்படுபவை. நாற்பதாம் நாளில் எந்தக் குட்டியும் உருண்டைதான். உடம்பெல்லாம் கரும்புள்ளி கொண்ட டால்மேஷன் நாய்கூடப் பிறக்கும்போது புள்ளியில்லாமல் வெள்ளையாகப் பிறக்கிறது என்றால், குட்டியின் தோற்றத்தை நம்பி வம்சம் சொல்வது எத்தகைய சாகசம் என்பது விளங்கும்.

வளர்ந்த நாயைப் பார்த்தாவது சொல்லிவிட முடியுமா என்றால், அதிலும் ஏமாற்றம் உண்டு. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் நெடுங்காலம் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். பாசென்ஜி, காக்கர் ஸ்பானியல் என்ற இரண்டே இனங்களை அவர்கள் கலந்தபோது, பிறந்த சந்ததிகளில் பல, தாயையும் போலில்லாமல் தகப்பனையும் போலில்லாமல் மூன்றாவதாக ஏதோ ஓர் இனம்போல் தோற்றமளித்தன. நாயின் உயிரணுவிலுள்ள 78 குரோமோசோம்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகின்றன. ஆனால் காது, ரோமம், நிறம் போன்ற கண்ணில் படுகிற அங்க லட்சணங்களைத் தீர்மானிப்பவை அவற்றுள் விரல்விட்டு எண்ணத்தக்க சில மரபணுக்களே. போதாக்குறைக்கு, ஒரு பெட்டை நாய் ஒரே பருவத்தில் இரண்டு கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் சாத்தியம்.

இனி, சிப்பிப்பாறை என்பதுதான் என்ன? கோவில்பட்டிக்கு அப்பால் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஒரு கிராமத்தின் பெயர் அது. அந்த ஊரையும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களையும் சேர்ந்த சம்சாரிகளின் தொழுவங்களிலும் தோட்டங்களிலும் வளர்ந்த ஒல்லியான வேட்டை நாய்களுக்கு, ஊர்ப்பெயர் இனப்பெயராயிற்று. அதே நிலத்தில் கன்னி என்று மற்றொரு நாயும் சொல்லப்படுகிறது: முதுகெல்லாம் கறுப்பு, புருவத்தின்மேலும் கன்னத்திலும் கால்களிலும் செம்பழுப்பு. பெண்ணுக்குச் சீதனமாக அனுப்பப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்று கேட்பதற்கு இனிமையான ஒரு கதை சொல்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. இதே கரிசல் காட்டில் கன்னி ஆடு என்ற வெள்ளாட்டினம் இருப்பதும், கறுப்பு உடம்பில் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி என்றும், செம்பழுப்புக் கோடு ஓடினால் செங்கன்னி என்றும் ஆட்டுக்காரர்கள் அதைப் பிரித்துச் சொல்வதும் யாவரும் அறிந்தவை. ஆட்டில் நிறத்தின் அமைப்பைக் குறித்த சொல் நாயிலும் அதையே குறித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டு இனங்களா, ஒரே இனத்தின் இரண்டு நிறங்களா என்ற வழக்கு எழுகிறது. மயிலை, செவலை, சாம்பல் என்று நிறம் நிறமாகப் பேசும் வளர்ப்பாளர்களிடம் இதைக் கேட்டால் ஊருக்கு ஒரு தீர்ப்புக் கிடைக்கும்.

முன்காலத்தில் இந்த வழக்கைத் தீர்க்க ஒரு நீதிமன்றம் இருந்தது. அது திறந்த கரிசல் காடு; நீதிபதி, முயல். அறுவடை முடிந்து நிலம் வெறிச்சோடிக் கிடக்கையில், மறைவதற்குப் புதரில்லாத வெளியில், சடுதியில் திரும்பித் திரும்பி ஓடும் முயலைக் கண்ணால் தொடர்ந்து, மூச்சு வாங்காமல் துரத்திப் பிடிக்கிற நாயே நாய். பிடிக்காத நாய்க்கு எத்தனை அழகிருந்தாலும் சேர்க்கைக்கு அழைப்பு வராது. முயலும் நாயும் இந்நிலத்தின் கற்பனையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தவை என்பதற்குப் பாஞ்சாலங்குறிச்சிக் கதையே சாட்சி. வேட்டை நாய்களை ஒரு முயல் திரும்பி எதிர்த்து விரட்டிய இடம் வீரம் விளையும் மண் என்று கருதிக் கட்டபொம்மனின் முன்னோர் அங்கே கோட்டை கட்டினார்கள் என்பது ஐதிகம். அந்த வம்சத்துக் கடைசிப் பாளையக்காரர் 1799 அக்டோபர் 16ஆம் தேதி தூக்கிலிடப்பட்டது எங்கள் கயத்தாற்றில்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது. அது நியாயமான சட்டம். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் அதன் விளைவுகளில் ஒன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தொழிலைக் கொண்டு நாயின் தரத்தை நிர்ணயித்த காலம் போய், தோற்றத்தையும் விற்பவன் வாய்ச்சொல்லையும் கொண்டு நிர்ணயிக்கும் காலம் வந்துவிட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று ராஜபாளையம் நாய்க்கு என்பதில் தென்பாண்டி நாட்டார் மகிழ்ந்தார்கள். கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பெயருக்குக் கிராக்கி ஏறினால் பெயரை ஒட்டிக்கொண்டு சரக்கும் வரும். வேகத்துக்காகக் கிரேஹவுண்டைச் சேர்த்துப் பிறந்த குட்டியும் சிப்பிப்பாறை என்றே விலை போகிறது. ஒரு தலைமுறையில் கலந்து, அடுத்த மூன்று தலைமுறை நம் நாயோடே சேர்த்துவிட்டால், அந்நிய ரத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதை எந்தப் பெரியவரின் கண்ணும் கண்டுபிடிக்காது.

உண்மையில் 'தூய இனம்' என்ற எண்ணமே நாயின் உடம்பில் பிறந்ததன்று; கணக்குப் புத்தகத்தில் பிறந்தது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த கண்காட்சியிலிருந்து நாய்களைப் பரிசுக்காக வரிசையில் நிறுத்தும் வழக்கம் பரவியது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றி, நாய்களின் பெற்றோர் பெயரைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. பதிவேட்டில் பெயருள்ள இரண்டு நாய்களுக்குப் பிறந்தது தூயது, மற்றது கலப்பு: அவ்வளவே விவகாரம். ஐரோப்பியர் பெருமையோடு பேசும் பல இனங்களின் வயது அந்தப் பதிவேட்டின் வயதுதான். நம் நாட்டிலும் சென்னையில் கென்னல் கிளப் இருக்கிறது, சான்றிதழ் தருகிறது, தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தச் சொல்கிறது. ஆனால் கரிசல் காட்டுச் சம்சாரி எக்காலத்திலும் ஏடு வைத்திருந்ததில்லை. இன்ன ஊர் இன்னார் வீட்டுப் பெட்டை, இன்னார் கடுவன் என்று அவன் நெஞ்சிலேயே நாலைந்து தலைமுறைக் கணக்கு இருந்தது. அந்தத் தலைமுறை மறைய மறைய, கணக்கும் மறைகிறது.

மரபணுப் பரிசோதனை இருக்கிறதே என்று என் தமக்கை மகன் கைப்பேசியைத் திறந்து காட்டினான். நாயின் முழு மரபணு வரிசை 2005இல் வெளியான பிறகு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினால் இன்ன இனம் இத்தனை சதவீதம் என்று பதில் வருகிறது என்பது மெய்யே. ஆனால் அந்தப் பரிசோதனை ஒப்பிட்டுச் சொல்கிற வேலையைத்தான் செய்கிறது. சோதிக்கிறவரின் தொகுப்பில் நல்ல சிப்பிப்பாறைகள் போதிய அளவில் இடம்பெறாவிட்டால், அசலான சிப்பிப்பாறைக் குட்டியும் ஏதோ இரண்டு மூன்று வெளிநாட்டு நாய்களின் கலவை என்று பட்டம் பெற்று வரும். தொகுப்பில் சேர்க்க வேண்டிய அசல் எது என்று சொல்ல, மறுபடியும் அந்த ஊர்ப் பெரியவரைத்தான் கேட்க வேண்டும்!

இவ்வளவு சிரமப்பட்டுத் தூய்மையை நிச்சயித்தால் கிடைப்பது என்ன என்பதையும் கேட்டுவிட வேண்டும். 2022இல் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தவர்கள், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலுள்ள குண வித்தியாசத்தில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்று கண்டார்கள். ராஜபாளையம் நாயின் கதை இன்னும் வேதனையானது. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே லட்சணம் என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், நிறமணு இல்லாமையோடு கூடவே செவிட்டுத்தன்மையும் பல குட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. உட்செவிக்கும் அந்த நிறமணுக்கள் தேவைப்படுகின்றன என்பது இயற்கையின் ஏற்பாடு. நிறம் தப்பிப் பிறந்த குட்டிகளைப் பிறந்த அன்றே ஒழித்துவிடும் வழக்கமும் இருந்திருக்கிறது. ரத்தத் தூய்மை என்ற பேச்சு மனிதர் நடுவே என்னென்ன செய்திருக்கிறது என்பதை நன்றாக அறிந்த ஒரு ஜில்லாவில் இருந்துகொண்டு, "சாதி நாயா?" என்ற கேள்வியை என்னால் முகம் சுளிக்காமல் கேட்க முடிவதில்லை. ஆனாலும், தலைமுறைகளாக ஒரு நிலத்துக்கும் ஒரு தொழிலுக்கும் பழகி உருவான ஓர் உயிரினம் அடையாளமின்றிக் கரைந்துபோவதை வேடிக்கை பார்ப்பதும் எனக்குச் சம்மதமில்லை. இந்த இரண்டும் ஒரே மனத்தில் எப்படி இருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, இருக்கின்றன என்பதே என் பதில்.

ஆகவே வாங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. குட்டியை ஆராயாதீர்கள், அது ஒன்றும் சொல்லாது. குட்டி பிறந்த வீட்டுக்குப் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மடியில் பால் இருக்கிறதா, உடன்பிறந்த குட்டிகள் எங்கே, தகப்பன் எந்த ஊர் நாய், சேர்க்கை நடந்தது எந்த மாதம், தாய்க்கும் தகப்பனுக்கும் ரத்த உறவு உண்டா என்று விசாரியுங்கள். முகவரி சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று மத்திய அரசு 2017இல் விதி செய்திருக்கிறது. நாற்பது நாள் குட்டியை வாங்கிய எங்கள் வீட்டுக்கும் அந்தத் தவறில் பங்குண்டு.

வளர்க்கிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: ஒரு நாற்பது பக்க நோட்டு. ஈன்ற தேதி, பெட்டை, கடுவன், எத்தனை குட்டி, என்ன நிறம், யாருக்குக் கொடுத்தது என்று ஓர் ஈத்துக்கு ஒரு பக்கம் எழுதிவைக்கட்டும். அந்த நோட்டுகளைக் கால்நடை மருந்தகங்களும், ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆண்டுக்கொருமுறை பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டால், இன்று பெரியவர்களின் நினைவில் மட்டும் இருப்பது அவர்களோடு போய்விடாது.

எங்கள் குட்டிக்கு இப்போது ஒன்பது மாதம். கால்கள் நீண்டிருக்கின்றன, வயிறு உள்வாங்கியிருக்கிறது, வால் மட்டும் சுருள்கிறது. நகம் எண்ணியவர் சிப்பிப்பாறை என்கிறார், வால் அளந்தவர் இல்லை என்கிறார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதமே போட்டாயிற்று.