லெக்கர் காயும் வரை பொறுக்காத வியாபாரி

எமது ஹாட்வெயார் கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் இளைஞன் ஒருநாள் 400 முதல் 2000 வரை எல்லா இலக்கத்திலும் தண்ணீர் சாண்ட்பேப்பர் கேட்டான். வாகனங்களுக்கு பெயின்ட் அடிக்கும் கராஜ்காரர்கள்தான் வழமையாக அப்படிக் கேட்பார்கள். "கராஜ் போட்டிருக்கீங்களா தம்பி?" என்றேன். "இல்லை நானா, வீட்டில் பேஸ் கிட்டார் செய்றேன்" என்றான்.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகின்றேன். எனக்குத் தெரிந்தது மரமும் பெயின்டும் கணக்கும்தான். அந்தக் கணக்கிலேயே நான் பிழைவிட்டேன் என்பதால்தான் இந்த வாரம் இதை எழுதுகின்றேன்.

அவனது வீட்டின் பின்தாழ்வாரத்துக்குச் சென்று பார்த்தேன். பேஸ் கிட்டாருக்கு நான்கு தடித்த தந்திகள். தந்தியின் நீளம் பொதுவாக 34 அங்குலம். நான்கும் சேர்ந்து 150 இறாத்தலுக்கு மேல் இழுக்கும். நாம் விற்கும் ஒரு சீமெந்துப் பை 110 இறாத்தல்தான். அதைவிடக் கூடிய பாரத்தை ஒன்றிரண்டு விரல் தடிப்புள்ள மரக் கழுத்து இரவு பகலாகத் தாங்க வேண்டும். அதனால் கழுத்துக்குள்ளே உருக்குக் கம்பியொன்றைப் புதைத்து, வளைவு வந்தால் முறுக்கிச் சரிசெய்கிறார்கள். விரல் வைக்கும் பலகையில் பதிக்கும் ஃபிரெட் கம்பிகளின் இடத்தைக் கண்மதிப்பில் குறிக்க முடியாது. 34 ஐ 17.817 ஆல் வகுத்தால் முதல் கம்பியின் இடம் வரும். மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க வேண்டும். இப்படியே போனால் 12 ஆவது கம்பி சரியாக 17 அங்குலத்தில், நட்ட நடுவில் விழும். அரை மில்லிமீற்றர் தவறினாலும் சுருதி பிசகிவிடும் என்றான். உடலுக்கு மஹோகனி. விரற்பலகைக்கு உடைந்த பழைய கட்டிலொன்றின் கருங்காலிச் சட்டம். புதுக் கருங்காலியை நினைத்தபடி வெட்ட முடியாது என்பதை மரம் விற்பவர்கள் அறிவர்.

"இதை என்ன விலைக்குக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன். ஓர் இலட்சத்து 10 ஆயிரம் என்றான். பிக்கப், சுருதி முறுக்கி, தந்தி, மரம் எல்லாம் சேர்த்து 85 ஆயிரம் முடிகிறதாம். மிச்சம் 25 ஆயிரம். வேலை நேரம் எவ்வளவு என்றால் அவனுக்குத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 140 மணித்தியாலம். எட்டு மணி நேர நாளாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1,430 ரூபா கூட வராது. எனது கடையில் சீமெந்து இறக்குபவருக்கு அதைவிடக் கூடக் கொடுக்கின்றேன்.

இந்தத் தொழிலின் மூலவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கரான லியோ பெண்டர் 1951 இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்கியல் படித்தவர். வேலை போனபின் 1938 இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி திருத்தும் கடை போட்டவர். கழுத்தை உடலோடு பசைபோட்டு ஒட்டாமல் திருகாணியால் பூட்டினார். பழுதானால் கழற்றி வேறொன்றைப் போடலாம், தொழிற்சாலையில் தனித்தனியே செய்து அடுக்கலாம் என்ற கணக்கு அது. 1965 இல் தனது கம்பனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். இன்று தாழ்வாரத்தில் இருந்து ஒருவன் கிட்டார் செய்ய முடிவதும் அந்தத் திருகாணியின் தயவால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. நியூயோர்க்கின் புரூக்லினில் 1983 இல் தொடங்கிய பொடேரா என்ற பட்டறை, வாசிப்பவரின் தேவையைக் கேட்டுச் செய்து, ஒன்றைப் பல ஆயிரம் டொலருக்கு விற்கிறது. இரண்டு வழியிலும் பிழையில்லை. இரண்டையும் கலக்கப் பார்த்தவன் நான்.

2023 ஒக்டோபரில் அவனுக்கு நான்கு இலட்சத்துக்கு மேல் சாமானுக்குக் கொடுத்து, டிசம்பர் விருந்துக் காலத்துக்கு முன் ஐந்து கிட்டார் வேண்டும் என்றேன். கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி எடுப்பதாக இருந்தது. லெக்கர் அடித்தபின் குறைந்தது ஒரு மாதம் காய வேண்டும் என்று தம்பி சொன்னான். பத்து நாள் போதும், மின்விசிறியைப் போடு என்றேன். முப்பது வருடம் லெக்கர் விற்ற மனிதன் சொன்ன பேச்சா இது?

மழை விடவேயில்லை. ஈரக் காற்றில் லெக்கர் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். மூன்று வெளுத்தன. மெதுவாகக் காயும் தின்னர் அடித்து இரண்டைக் காப்பாற்றினோம். மற்றதைத் தேய்த்து மீண்டும் அடித்தோம். ஐந்தையும் பையில் போட்டு அனுப்பினேன். உள்ளே முற்றாகக் காயாத பூச்சில் பைத்துணியின் நெசவு அச்சாகப் பதிந்து, ஐந்தும் திரும்பி வந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன். எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை தேய்த்து மறுபடி பூச மார்ச் ஆகிவிட்டது. அந்த மாதங்களின் கூலியை நான்தான் கொடுத்தேன்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எமது ஈரக் காற்றில் செய்த கழுத்து குளிர்நாட்டின் வறண்ட காற்றில் சுருங்கும். ஃபிரெட் கம்பியின் நுனிகள் வெளியே துருத்தி விரலைக் கீறும். அடுத்தது மரத்துக்கான ஆவணம். 2017 இல் ரோஸ்வூட் வகைகளுக்கு சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது பெரிய கம்பனிகளே வேறு மரத்துக்கு மாறின. முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்களிக்க 2019 ஓகஸ்டில் ஜெனீவா மாநாடு தீர்மானித்தது. பிரேசில் ரோஸ்வூட்டுக்கு அந்த விலக்கு இல்லை. கொழும்பில் நடக்கவிருந்த மாநாடு அது. ஏப்ரல் 21 தாக்குதலால் நமக்கு இல்லாமல் போனது.

இப்போது தம்பியின் விலை ஓர் இலட்சத்து 70 ஆயிரம். சாமானுக்கு 85, மணிக்கு 500 வீதம் கூலி 70, மின்சாரம், தேய்மானம், பழுதுக்கு 15. பாதி முற்பணம், அது சாமான் செலவுக்குச் சரி. ஒக்டோபர், நவம்பரில் லெக்கர் அடிப்பதில்லை. அந்த மாதங்களில் கழுத்து செதுக்குவான், அவசரக்காரருக்கு எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் வெளியே கொடியில் விரித்துக் காயவிடச் சொல்லியிருக்கின்றேன். பிள்ளைகள் உறங்கும் வீடு அது.

விலை கூடிப்போச்சு என்று எங்கள் கடைவீதியில் இரண்டு பேர் என்னிடமே குறைப்பட்டார்கள். அவனிடம் இப்போது மூன்று ஓர்டர் வரிசையில் நிற்கிறது. நான்காவதாக வந்தவரை மழை முடிந்தபின் வரச் சொல்லியிருக்கிறான்.